ஆள் உட்கார முடியாத கப்பல் எதற்கு?

ஸ்டார் வார்ஸ் பட ஆள் பொம்மைகள் ஏற ஒரு புது விண்கப்பல் வருகிறது என்றால், சேகரிக்கிற நம்ம ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை இன்ச் நீளம். அடுத்தது விலை. அப்புறம் யாராவது ஒருவர் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு, கதைப்படி இதன் நீளம் இத்தனை மீட்டர், பொம்மை நிஜ அளவில் 18இல் ஒரு பங்கு, அதனால் 18ஆல் வகுத்தால் இவ்வளவு வர வேண்டும், கம்பெனிக்காரன் பாதியை விழுங்கிவிட்டான் என்று ஆரம்பிப்பார். கணக்கில் தப்பே இருக்காது. ஆனால் ஒரு கப்பல் நல்லதா இல்லையா என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு பண்ணுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தப் பொம்மைகள் ஏன் 3.75 இன்ச்சில் வந்தன என்று யோசித்தாலே விஷயம் பாதி புரிந்துவிடும். அதற்கு முன்னால் அமெரிக்கக் கடைகளில் ஜி.ஐ. ஜோ மாதிரி 12 இன்ச் பொம்மைகள்தான் பிரபலம். அந்த அளவு ஆளுக்கு ஏற்ற விண்கலம் செய்தால் வீட்டு ஹாலில் வேறு எதுவும் வைக்க முடியாது, விலையும் எந்த அப்பாவுக்கும் கட்டுப்படியாகாது. அதனால் கென்னர் கம்பெனி 1978இல் ஆளையே சின்னதாக்கியது. கப்பலுக்குள் ஆள் ஏற வேண்டும் என்பதற்காகவே ஆளின் உயரத்தை முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்த பொம்மைக்கு வருகிற கப்பலில் ஆள் ஒழுங்காக ஏறி உட்கார முடியவில்லை என்றால், நீளம் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

படத்தில் ஹான் சோலோ ஓட்டும் மில்லேனியம் ஃபால்கன் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது சொல்லப்படும் அதிகாரபூர்வ நீளம் 34.75 மீட்டர். 18ஆல் வகுத்தால் 193 செ.மீ., அதாவது ஒரு கட்டில். 1979இல் கென்னர் விற்றது அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. 2008இல், பிறகு இந்தப் பொம்மைகளைச் செய்த ஹாஸ்ப்ரோ கம்பெனி கொண்டுவந்த பெரிய ஃபால்கனும் முழு அளவில் பாதியைத் தொடவில்லை. ஆனாலும் பழையதை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் 2008ஐக் கொண்டாடுகிறோமே, ஏன்? பழைய காக்பிட்டில் இரண்டு பேர்தான், புதியதில் நான்கு பேர். படத்தில் ஹான், சூயி, லூக், ஓபி-வான் நால்வரும் அங்கே நெருக்கியடித்து இருப்பதைப் பார்த்தவனுக்கு அந்த நாலு இருக்கைதான் ஃபால்கன். நீளத்தில் பற்றாக்குறை இருந்தாலும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஹாஸ்லேப் ரேசர் கிரெஸ்ட்டுக்கு வருகிறேன் (ஹாஸ்லேப் என்பது ஹாஸ்ப்ரோவின் முன்பதிவுத் திட்டம், ரேசர் கிரெஸ்ட் 'தி மாண்டலோரியன்' தொடரின் நாயகன் மாண்டோவின் கப்பல்), நண்பர் ஒருவர் வீட்டில் அதைச் சாவகாசமாகத் திறந்து மூடிப் பார்க்கக் கிடைத்தது. 2020இல் முன்பதிவு முறையில் வந்தது, விலை 349.99 டாலர், 6,000 பேர் சேர்ந்தால் தயாரிப்போம் என்றார்கள், 28,000 பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். (முன்பதிவு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தொடரில் அந்தக் கப்பலையே சாம்பலாக்கிவிட்டார்கள். பணம் கட்டியவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!) கதைப்படி 24 மீட்டர் கப்பல், கணக்குப்படி 133 செ.மீ. வந்திருக்க வேண்டும். கையில் கிடைத்தது சுமார் 75 செ.மீ. கால்குலேட்டர் பார்ட்டிகளுக்கு இது பெரிய மோசடி. நான் பார்த்தது வேறு. ராம்பை இறக்கி மாண்டோவை அதன் மேல் நிறுத்தினால், வாசலுக்கும் ஆளுக்கும் உள்ள விகிதம் கண்ணை உறுத்தவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து மேல்மூடியைப் போட்டால் மூடுகிறது. கார்பனைட்டில் உறையவைத்த ஆட்களைச் சரக்கறையில் நிறுத்தலாம். எங்கே குறைத்தால் தெரியாதோ அங்கே குறைத்திருக்கிறார்கள், ஆள் தொடுகிற இடத்தில் கை வைக்கவில்லை. செய்தவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

எனக்குப் பிடிக்காததும் உண்டு. பேனல் கோடுகள், அதாவது தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள். இதைப் பற்றி யாரும் ஏன் பேசுவதில்லை என்று தெரியவில்லை. 1/18 அளவில் ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு என்றால் நிஜத்தில் கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. இடைவெளி. விண்வெளியில் பறக்கிற கப்பலின் தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து! அதோடு நிறுத்தாமல் அந்தப் பள்ளத்தில் கறுப்புப் பெயிண்டையும் இழுத்துவிட்டால் முடிந்தது கதை, எவ்வளவு பெரிய கப்பலும் பொம்மையாகத் தெரியும். அழுக்கு, துரு, பெயிண்ட் உதிர்ந்த தடம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான், அவையும் ஆளின் அளவுக்கு இருக்க வேண்டும். ரேசர் கிரெஸ்ட் இதில் பாஸ், ஆனால் ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லை.

இன்னொன்று, உட்காருவது என்பது கப்பலின் வேலை மட்டும் கிடையாது, பொம்மையின் இடுப்பும் முழங்காலும் சேர்ந்த விஷயம். பழைய கென்னர் ஆட்களுக்கு ஐந்தே மூட்டுகள்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு. முழங்கால் மடங்காது. அதனால் அந்தக் காலத்து இருக்கைகளில் எல்லோரும் காலை முன்னால் நீட்டிக்கொண்டு எல் வடிவத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இன்றைய பொம்மைக்கு முழங்கால் மடங்கும், ஆனால் முதுகில் ஜெட்பேக், இடுப்பில் விறைப்பான பிளாஸ்டிக் அங்கி. அதைக் கழற்றாமல் எந்த இருக்கையிலும் சாய முடியாது. கப்பல் செய்கிறவர் அந்தப் பொம்மையை மேஜை மேல் வைத்துக்கொண்டு செய்தாரா, கம்ப்யூட்டர் திரையில் மட்டும் பார்த்துச் செய்தாரா என்பது இங்கேதான் வெளிச்சமாகிவிடும். ஸ்பீடர் பைக் (படத்தில் தரைக்கு மேல் மிதந்து பறக்கிற பைக்) பொம்மை வாங்கும்போது நான் பார்ப்பதும் இதைத்தான்: கை ஹேண்டில்பாரைப் பிடிக்கிறதா, பிடித்தபடியே பாதம் மிதியில் பதிகிறதா, அதே நேரத்தில் தலை நிமிர்ந்து முன்னால் பார்க்கிறதா. மூன்றும் ஒன்றாக அமைகிற பைக் அபூர்வம். இரண்டு அமைந்தாலே வாங்கிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

வெறும் பிரம்மாண்டம் மட்டும் விற்காது என்பதற்கு ஹாஸ்லேப் ரான்கோர் இருக்கிறது. 2021இல் வந்த அறிவிப்பு, 6 இன்ச் ஆட்களுக்கான ராட்சத விலங்கு, இதுவும் 349.99 டாலர்தான். 9,000 பேர் தேவை என்றார்கள், சேரவில்லை, கைவிட்டார்கள். கூடுதல் பரிசாக எலும்புத் துண்டும் அட்டையில் அச்சடித்த பின்னணியும் தருகிறோம் என்றால் எவன் கட்டுவான்? அதன் பக்கத்தில் நிற்கவைக்க ஒரு ஆள் பொம்மையைக் கொடுத்திருந்தால் கதையே வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது ரேசர் கிரெஸ்ட்டை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முன்பதிவு விலைக்குப் பக்கத்தில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இரண்டு மடங்கு கேட்டால் நான் வாங்க மாட்டேன். எந்த விலை என்றாலும், என்ஜின் மேல் கழற்றி மாட்டும் மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள், மேல்மூடியை மூடி ஒரு படம், உள்ளே ஆளோடு. வெறும் கப்பல் படம் மட்டும் அனுப்புகிறவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.