ஒற்றைக்கூர்க் கொம்பு மானைச் சுட்டால் அடுத்த தலைமுறைக்குப் பெரிய கொம்பு வருமா?

ஒன்றரை வயதில் கொம்பு கிளைக்காத வெள்ளைவால் ஆண் மான்களைச் சுட்டுக் கழித்தால் சந்ததியின் கொம்பு பெரிதாகும் என்ற பேச்சு டெக்சாஸ் வேட்டைக்காரர்களிடம் சுற்றுகிறது. காட்டு மந்தையில் அப்படி நடப்பதில்லை.

கொம்பளவு மரபில் வருவது உண்மைதான். ஆனால் முதல் கொம்பில் குட்டி பிறந்த காலம், தாயின் பால், மழை, புரதத் தீனி எல்லாம் கலந்திருக்கின்றன. பிந்திப் பிறந்த குட்டி உடலை வளர்க்கவே சத்தைச் செலவிடும். கொம்புக்கு மிஞ்சுவது சொற்பம். முழு அளவு 5 முதல் 7 வயதில்தான் தெரியும். மேலும், மரபணுவில் பாதி பெண் மானுடையது. கொம்பே இல்லாத அதை எதைப் பார்த்துக் கழிப்பது? தெற்கு டெக்சாஸின் கமான்சி பண்ணையில் கொம்பு சிறிய ஆண் மான்களைப் பல ஆண்டுகளாகக் களைந்து பார்த்தும் கொம்பளவு கூடவில்லை. பெரிய கொம்பு வேண்டுவோர் இளம் ஆண்களை விட்டுவைக்கட்டும், மேய்ச்சல் தாங்கும் அளவுக்கு மந்தையைக் குறைக்கட்டும்.