ஃபால்ட் பள்ளம்: ஹிட்லரின் ராக்கெட் விழுந்த இடமா?

மேலிருந்து எடுத்த ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வயல்களுக்கு நடுவே மரம் மண்டிய பெரும் பள்ளம். "இங்கிலாந்தின் வெடிகுண்டுச் சுரங்கத்தை ஹிட்லரின் வி-2 ராக்கெட் தாக்கிய இடம்" என்று குறிப்பு. படம் உண்மை, குறிப்பு தவறு.

இது ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹேன்பரி கிராமத்தருகே உள்ள ஃபால்ட் பள்ளம். பழைய ஜிப்சம் சுரங்கத்தைப் பிரிட்டிஷ் விமானப்படை குண்டுக் கிடங்காக வைத்திருந்தது. 1944 நவம்பர் 27 காலை 11 மணி தாண்டியதும் 3,500 டன்னுக்கும் மேலான வெடிபொருள் வெடித்தது. மேலே இருந்த பண்ணை வீடு அடையாளமின்றிப் போனது. அருகிலிருந்த நீர்த்தேக்கமும் உடைந்து, ஜிப்சம் ஆலையைச் சேறும் நீருமாக மூடியது. இறந்தவர்கள் சுமார் 70 பேர். இத்தாலியப் போர்க்கைதிகளும் அதில் உண்டு.

வி-2 ஏன் இல்லை? அதன் வீச்சு சுமார் 320 கி.மீ. அப்போது அவை ஏவப்பட்ட நெதர்லாந்துக் கடற்கரையிலிருந்து ஃபால்ட் 400 கி.மீ.க்கு அப்பால். கணக்கே உதைக்கிறது.

விசாரணையில் தெரிந்த காரணம் சாதாரணமானது, அதனால்தான் நெஞ்சைப் பிசைகிறது. குண்டில் வெடிப்பான் பொருத்தும் குழியைச் சுரண்ட மரக்கருவிதான் பயன்படுத்த வேண்டும். ஒருவர் பித்தளை உளியால் சுரண்டியதைப் பார்த்ததாகச் சாட்சி ஒருவர் சொன்னார். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. நாசவேலை வதந்தியும் அன்றே கிளம்பியதுதான்.

சுரங்கம் முழுதும் அழியவில்லை. தப்பிய பகுதியில் போருக்குப் பிறகும் குண்டுகள் வைக்கப்பட்டன. பள்ளத்தைச் சுற்றி இன்றும் வேலி இருக்கிறது. வெடிக்காத குண்டுகள் உள்ளே கிடக்கலாம் என்பதால் இறங்கத் தடை.