இரண்டு பிட் ஸ்டாப் வைத்தால் ஓவர்டேக் வருமாம்!

2025 மே 25, ஞாயிறு சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு மணி தாண்டும் வரை, உலகத்திலேயே வேகமான கார்களை ஓட்டுகிறவர்கள், யார் இன்னும் மெதுவாகப் போவது என்று போட்டி போட்டதைக் கண்கொட்டாமல் பார்த்தேன். சும்மா இல்லை, காசு கட்டிப் பார்த்தேன். மத்தியானம் ஐபிஎல்-லில் சென்னை 83 ரன்னில் ஜெயித்தும் அட்டவணையில் கடைசி இடம்தான் என்ற துக்கம். அதை மறக்கத்தான் மொனாக்கோ எஃப் 1 கார் ரேஸைப் போட்டேன். அந்தப் பக்கம் ஹைதராபாத், கொல்கத்தாவைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தது, கடைசியில் 278. இந்தப் பக்கம் நான் லியாம் லாசன் என்ற ஓட்டுநருடைய காரின் பின்பக்க விங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் மாட்டிய பாவப்பட்ட ஓட்டுநர்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் இந்த வருடம் மொனாக்கோவில் பரபரப்புக்கு கியாரண்டி என்றார்களே! புது விதி வந்தாச்சு, ஆளுக்கு மூன்று செட் டயர் கட்டாயம், அதாவது டயர் மாற்றும் இடமான பிட்டுக்கு இரண்டு முறை வந்தே தீர வேண்டும், இனிமேல் வியூகம் தூள் பறக்கும், கடைசிச் சுற்று வரை யார் ஜெயிப்பார் என்றே தெரியாது என்று என்ன ஒரு பில்டப்! போன வருடம் முதல் சுற்றிலேயே பெரெஸ் என்ற ஓட்டுநரின் கார் சுக்குநூறாகி, சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தி, அந்த இடைவேளையிலேயே டயரை மாற்றிக்கொண்டு, மிச்ச ரேஸ் முழுக்க ஊர்வலம் போனார்கள் அல்லவா? முதல் பத்து இடத்தில் கிளம்பியவர்கள் அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். எஃப் 1 வரலாற்றிலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. சரி, ஏதாவது செய்யத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இதையா செய்வார்கள்?

நடந்ததை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். அவர்களும் நிறுத்தி நிதானமாகத்தானே ஓட்டினார்கள். ரேசிங் புல்ஸ் அணியில் இசாக் ஹஜார் ஐந்தாவதாகக் கிளம்பினார், லாசன் ஒன்பதாவதாக. பிட்டுக்குள் போய்த் திரும்ப சுமார் இருபது விநாடி ஆகும். வேறு ஊராக இருந்தால் ஹஜார் விரட்டி ஓட்டி அந்த இருபது விநாடியைச் சம்பாதிக்க வேண்டும். மொனாக்கோவில் எதற்கு அந்த மெனக்கெடல்? பின்னால் இருக்கும் லாசனை மெதுவாகப் போகச் சொன்னால் போதுமே! அவரைத்தான் யாராலும் முந்த முடியாதே!

லாசன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். முதல் வளைவான சான்ட் டெவோட்டில் திரும்பினார், ஏதோ யோசிப்பதுபோல் திரும்பினார். மேடேறினார். கசினோவை வேடிக்கை பார்த்தார். மிராபோவில் இறங்கினார். ஹேர்பின் என்கிற கொண்டை ஊசி வளைவில் வளைந்தார், வளைந்தார், இன்னும் வளைந்துகொண்டே இருந்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் வளைந்துகொண்டிருந்தார். சுரங்கத்துக்குள் போனார், சாவகாசமாக வெளியே வந்தார். ஸ்விம்மிங் பூல், ராஸ்காஸ், மறுபடியும் சான்ட் டெவோட். சுற்றுக்குச் சில விநாடி என்று அவர் சேமித்துக் கொடுக்கக் கொடுக்க, முன்னால் ஹஜார் போய் டயர் மாற்றினார், வந்தார். இன்னொரு தரம் போய் மாற்றினார், வந்தார். ரேஸ் பாதி தாண்டுவதற்கு வெகு முன்பே அவருடைய கடமை முடிந்துவிட்டது. இதே தெருவில் முந்தின நாள், யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்றில், லாண்டோ நாரிஸ் 1 நிமிடம் 9.954 விநாடியில் ஒரு சுற்று போட்டார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொனாக்கோவில் யாரும் அதுவரை 70 விநாடிக்குக் கீழே வந்ததில்லை. சனிக்கிழமை வரலாறு, ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சி.

இதைப் பார்த்த வில்லியம்ஸ் அணிக்கு மூளை வேலை செய்யாமல் இருக்குமா? அதன் ஓட்டுநர்கள் ஆல்பனும் சைன்ஸும் ஒருவர் மாற்றி ஒருவர் மறித்துக்கொண்டு, மற்றவர் நிம்மதியாக டயர் மாற்ற வழி செய்தார்கள். அணித் தலைவர் ஜேம்ஸ் வவுல்ஸ், ரேஸ் நடக்கும்போதே மெர்சிடிஸ் தலைவர் டோட்டோ வொல்ஃபுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினார். அடடா, என்ன பண்பு! அடிப்பதும் அடித்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்பதும். எனக்கும் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். நானும் அதே ஆல்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெசேஜ் எல்லாம் மேலிடத்துக்குத்தான். பின்னால் மாட்டிக்கொண்ட மெர்சிடிஸ் ஓட்டுநர் ரஸலுக்குப் பொறுமை போய்விட்டது. சுரங்கம் தாண்டியதும் வரும் சிக்கேன் என்ற இரட்டை வளைவில் திரும்பவே இல்லை, நேராக வெட்டிக்கொண்டு ஆல்பனுக்கு முன்னால் போனார். இடத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன், தண்டனை வந்தால் வரட்டும் என்று சொல்லிவிட்டே போனார். வழக்கமான பத்து விநாடி தண்டனை என்றால் லாபக் கணக்கு. ஆனால் வேண்டுமென்றே செய்தார் என்று டிரைவ்-த்ரூ, அதாவது பிட் லேன் வழியாக மெதுவாகப் போய் வரும் தண்டனையைக் கொடுத்துவிட்டார்கள். கவனியுங்கள்: ரேஸில் மெதுவாகப் போனவர்களுக்குப் புள்ளி, வேகமாகப் போக ஆசைப்பட்டவருக்குத் தண்டனை. மனிதர் பதினொன்றாவது வந்தார். அந்த மாலையில் என் மனநிலையைப் புரிந்துகொண்ட ஒரே ஆத்மா அவர்தான்.

வெர்ஸ்டாப்பனை விட்டுவிட்டேனே! அவர் இரண்டாவது பிட் ஸ்டாப்பைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, 78 சுற்று ரேஸில் கடைசிச் சுற்றுக்கு முன்னால்தான் உள்ளே போனார். எதற்கு? யாராவது சுவரில் மோத மாட்டார்களா, சிவப்புக் கொடி விழாதா, டயரை ஓசியில் மாற்றிக்கொண்டு ஜெயித்துவிடலாமே என்று. நான்கு முறை உலக சாம்பியனின் வியூகம், அடுத்தவன் மோதுவதற்குக் காத்திருப்பது! அவரைக் குறை சொல்லவில்லை. விதி அப்படி இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அவருக்குப் பின்னால் நாரிஸ், நாரிஸை முட்டிக்கொண்டு லெக்லேர். வர்ணனையாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். துள்ளி என்ன, ஒரு இடம் மாறியதா?

மாறவில்லை. கிளம்பும்போது நாரிஸ், லெக்லேர், பியாஸ்ட்ரி, வெர்ஸ்டாப்பன். முடியும்போதும் நாரிஸ், லெக்லேர், பியாஸ்ட்ரி, வெர்ஸ்டாப்பன். ஆறாவதாகக் கிளம்பிய அலோன்சோவின் கார் பழுதாகி நின்றதை எடுத்துவிட்டால், முதல் பத்தில் நடந்த ஒரே மாற்றம் ஹாமில்டன் ஹஜாரைத் தாண்டியதுதான். அதுவும் டயர் மாற்றிய கணக்கில். இதற்காகக் கூட்டம் போட்டு, வாக்கெடுத்து, விதிப்புத்தகத்தில் மொனாக்கோவுக்கென்று தனிப் பத்தி எழுதி... தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனிந்துவிடுமா?

உடனே ஒருவர் வருவார், "மொனாக்கோ என்றால் அப்படித்தான் ப்ரோ, சனிக்கிழமைதான் அங்கே ரேஸ்" என்று. தெரியும் ப்ரோ. 1929-ல் ரேஸ் ஆரம்பித்த தெரு அது. தெருவை அகலப்படுத்த முடியாது, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். காரை யார் இவ்வளவு பெரிசாக்கச் சொன்னது? 2008-ல் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை 605 கிலோ, அகலம் 1.8 மீட்டர். 2025-ல் 800 கிலோ, அகலம் 2 மீட்டர், நீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல். ஹேர்பின்னில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூன்றாவதாக ஒரு சைக்கிள் நுழையாது. போதாததற்கு, முன்னால் போகும் கார் காற்றைக் கலக்கிவிட்டுப் போகிறது. அந்தக் கலங்கின காற்றில் பின்னால் வருகிற காருக்கு வளைவில் பிடிமானம் போய், டயர் சூடேறி வழுக்குகிறது. நோய் இருப்பது காரில். இவர்கள் பிட் லேனில் வைத்தியம் பார்க்கிறார்கள்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த வியாதியும் இல்லை. 2014-ல் கடைசி ரேஸுக்கு மட்டும் இரட்டைப் புள்ளி என்றார்கள், ஒரே வருடத்தில் தூக்கினார்கள். 2016-ல் தகுதிச் சுற்றில் தொண்ணூறு விநாடிக்கு ஒருவரை வெளியே அனுப்புவோம் என்றார்கள். மெல்போர்னில் என்ன ஆயிற்று? உச்சக்கட்டம் என்று சொல்லப்பட்ட கடைசி நிமிடங்களில் டிராக்கில் ஒரு கார் இல்லை. கடிகாரம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் பஹ்ரைனில் இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் கைவிட்டார்கள், அந்த விடாமுயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். 2017-ல் கார்கள் பார்க்க மிரட்டலாக இருக்க வேண்டும் என்று அகலமாக்கினார்கள். மிரட்டலாகத்தான் இருந்தன. ஓவர்டேக் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இன்றைக்கு டயரை மாற்றியே ஆக வேண்டும் என்கிறவர்கள், 2005-ல் டயரை மாற்றவே கூடாது என்று விதி போட்டவர்கள். தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே செட். அமெரிக்காவில் இண்டியானாபோலிஸின் சரிவான கடைசி வளைவை மிஷெலின் டயர் தாங்கவில்லை. அந்த டயர் போட்ட 14 கார்கள் ரேஸுக்கு முன் வரிசையாகப் போகும் ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் வரிசையாக பிட்டுக்குள் போய்விட்டன. ஓடியது ஆறே கார். கூட்டம் கூச்சல் போட்டு பாட்டிலை வீசியது. அதில்தான் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் நான்காவது வந்து ஐந்து புள்ளி வாங்கினார். இந்தியர் ஒருவர் எஃப் 1-ல் புள்ளி வாங்கியது அதுதான் முதல் முறை. சந்தோஷப்பட விட்டார்களா பாவிகள்? இருபது வருடமாக இதைப் பெருமையாகச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் "ஆறு பேர்தானே ஓடினாங்க" என்று ஒருவன் குறுக்கே வருகிறான்.

அதே 2005, அதே விதி, ஜப்பானின் சுஸுகா. தகுதிச் சுற்றில் மழை வந்து வரிசையைக் கலைத்துப் போட்டது. பதினேழாவதாகக் கிளம்பிய ராய்க்கோனன் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, கடைசிச் சுற்றின் முதல் வளைவில் ஃபிசிகெல்லாவை வெளிப்பக்கமாக முந்தி ஜெயித்தார். அலோன்சோ 130ஆர் வளைவில் ஷூமாக்கரைச் சுற்றிக்கொண்டு போனார். பட்டன் இல்லை, சிறகு திறக்கவில்லை, இத்தனையாவது சுற்றில் வா என்று யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. வேகமான கார் பின்னால் இருந்தது, முன்னால் வந்தது. அவ்வளவுதான்.

2011-ல் டிஆர்எஸ் வந்தது. ஒரு விநாடிக்குள் இருந்தால் பின்பக்க விங் திறக்கும், நேர் ரோட்டில் சர்ரென்று தாண்டிவிடலாம். முன்னால் இருப்பவர் கண்ணாடியில் பார்த்து வழிவிட வேண்டியதுதான். பெல்ஜியத்தில் ஸ்பாவின் கெம்மல் நேர்ப்பாதையில் நாம் பார்த்ததில் எத்தனை ஓவர்டேக் ஞாபகம் இருக்கிறது? எண்ணிக்கை ஏறியது, ஒன்றும் மனசில் நிற்கவில்லை. 2022-ல்தான் காரின் அடியில் கை வைத்தார்கள், நெருங்கிப் போகும்படி வடிவத்தை மாற்றினார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தது. பிறகு ஒவ்வோர் அணியும் ஓட்டை கண்டுபிடித்துக் காற்றை மறுபடி வெளியே தள்ளி, இந்த வருடம் பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்த வருடம் இன்னொரு புரட்சியாம். 2026-ல் அகலம் 1.9 மீட்டர், எடை 768 கிலோ. பத்து சென்டிமீட்டர், முப்பத்திரண்டு கிலோ. குறைத்துவிட்டார்கள், கை தட்டுங்கள்! டிஆர்எஸ் போய்விடும். அதற்குப் பதில் ஒரு விநாடிக்குள் இருப்பவருக்கு பேட்டரியிலிருந்து கூடுதல் சக்தி கிடைக்கும். அதே ஒரு விநாடி, அதே சலுகை, பட்டன் மட்டும் வேறு. சக்தியில் பாதிக்குப் பாதி மின்சாரம் என்பதால், யார் எங்கே சேமித்து எங்கே செலவழித்தார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே ரேஸ் பார்க்க வேண்டும். மாசக் கடைசியில் நான் வீட்டில் செய்வதை ஞாயிற்றுக்கிழமையும் செய்ய வேண்டுமா?

வரும் ஞாயிறு பார்சிலோனா. பார்ப்பேன். ஆமாம், பார்ப்பேன், வேறென்ன செய்வது? சந்தாவை வருடத்துக்குச் சேர்த்துக் கட்டித் தொலைத்துவிட்டேன். ரேஸ் காட்டும் அந்த ஆப் சரியாகச் சிவப்பு விளக்கு அணையும் நேரத்தில் சுற்ற ஆரம்பிக்கும். அது திரும்பி வருவதற்குள் முதல் வளைவு முடிந்திருக்கும், அத்தோடு ரேஸும் முடிந்திருக்கும். சிரிப்புதான் வருகிறது.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மொட்டை மாடி டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் வேறு. கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை, லாரித் தண்ணீருக்குப் போன வாரம்தான் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணினார்கள். யார் மோட்டார் போட்டது என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் நாலு பேர் பார்த்ததாகக் காட்டுகிறது, ஒரு பதில் இல்லை. காலையில் மட்டும் ரோஜாப்பூ போட்டுக் குட்மார்னிங் அனுப்பத் தெரிகிறதே சார், அந்த விரலால் சுவிட்சையும் கொஞ்சம் அமுக்கக் கூடாதா?