கூகுள் வேலை அரசு வேலை அல்ல

“கூகுளில் நுழைந்துவிட்டால் அரசு வேலை மாதிரி, ஓய்வு பெறும்வரை கவலையில்லை” என்று நண்பர் எழுதியிருப்பது தவறு. 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் சுமார் 12,000 பேரை, அதாவது ஏறக்குறைய 6 சதவீத ஊழியர்களை, நீக்குவதாக அறிவித்தது. அமெரிக்காவில் பலருக்குச் சேதி வந்தது விடிகாலை மின்னஞ்சலில். அலுவலகக் கணக்கைத் திறக்கப் போனால் பூட்டியிருந்தது. பதினாறு ஆண்டு உழைத்தவரும் அதில் உண்டு.

வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதும் உண்மை. அமெரிக்க ஊழியர்களுக்கு 16 வாரச் சம்பளம், கூடுதலாகப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரச் சம்பளம் என்று அறிவித்தார்கள். (சிறு நிறுவனத்தில் கடைசி மாதச் சம்பளத்துக்கே நடையாய் நடந்தவன் நான்.) ஆனால் எச்1பி விசாவில், அதாவது அமெரிக்காவில் வேலை பார்க்க வெளிநாட்டவருக்குத் தரும் அனுமதியில், இருப்பவருக்குப் பணம் மட்டும் போதாது: வேலை முடிந்தபின் வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ பொதுவாக 60 நாள்தான் அவகாசம்.