ரக்கல்ஸ்ஹவுஸை ஓர் இரவுக்காக மட்டும் நினைவுகூர்வது போதாது

வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1973 அக்டோபர் 20ஆம் தேதி இரவுதான். வாட்டர்கேட் என்ற அரசியல் ஊழல் விவகாரத்தை விசாரித்துவந்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸைப் பதவிநீக்கச் சொன்ன அமெரிக்க அதிபர் நிக்சனின் உத்தரவை ஏற்காமல் அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் விலக, அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். அந்தப் புகழ் அவருடைய நிர்வாகப் பணியை மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம்.

1960களின் தொடக்கத்தில் இந்தியானா மாநிலத் துணை அட்டர்னி ஜெனரலாக, நீர்நிலைகளை மாசுபடுத்தியவர்கள்மீது நடவடிக்கை எடுப்பது அவர் வேலையாக இருந்தது. நெருக்கினால் ஆலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று முதலாளிகள் மிரட்டும்போது மாநில அரசு எப்படி அடங்கிப்போகிறது என்பதை அங்கேதான் கண்கூடாகக் கண்டார். 1966இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி முதல் தவணையிலேயே பெரும்பான்மைக் கட்சித் தலைவராக உயர்ந்தவர், 1968 செனட் தேர்தலில் பர்ச் பேயிடம் தோற்றார். 1970 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முதல் நிர்வாகியானதும், சில நாள்களிலேயே அட்லான்டா, டெட்ராய்ட், கிளீவ்லாந்து ஆகிய பெருநகரங்களுக்குக் கழிவுநீர் தொடர்பாக நோட்டீஸ் அனுப்பினார். 1972இல், விசாரணை அதிகாரி தடை தேவையில்லை என்று கூறியிருந்தும், டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைப் பயிர்களுக்குத் தெளிப்பதை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தார்.

கொலராடோ சட்டமன்றத்திலிருந்து அதே நாற்காலிக்கு 1981இல் வந்த ஆன் கோர்சச், அதிகாரம் மாநிலங்களுக்கே திரும்ப வேண்டும் என்று நம்பி முகமையின் நிதியை வெகுவாகக் குறைத்தார். நச்சுக்கழிவு இடங்களைத் தூய்மைப்படுத்தும் சூப்பர்ஃபண்ட் திட்டத்தின் ஆவணங்களை, தர வேண்டாம் என்று அதிபர் ரீகன் சொன்னதற்கிணங்கத் தர மறுத்ததால், 1982 டிசம்பரில் நாடாளுமன்ற அவமதிப்புக்கும் ஆளானார். அவர் விலகியபின் 1983இல் ரக்கல்ஸ்ஹவுஸ் மீண்டும் அழைக்கப்பட்டார். இடையில் வெயர்ஹாசர் என்ற மரத்தொழில் நிறுவனத்தில் அவர் பணியாற்றியிருந்ததால் எழுந்த ஐயம் நியாயமானதே. ஆனால், தாம் யாரைச் சந்திக்கிறார் என்ற நாட்குறிப்பையே பொதுப்பார்வைக்கு வைத்து அந்த ஐயத்தை அவர் எதிர்கொண்டார்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரம்தான். அங்கிருந்த அசார்கோ செம்பு உருக்காலை காற்றில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளைக் கலந்தது. கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தினாலும் ஓரளவு புற்றுநோய் அபாயம் எஞ்சும், மிகக் கடுமையாக நடந்துகொண்டால் பல நூறு பேரின் வேலை போகும் என்ற நிலை. 1983இல் இந்தக் கணக்கை அப்பகுதி மக்கள் முன்பே வைத்து அவர்கள் கருத்தைக் கேட்டார். உயிரா, பிழைப்பா என்று மக்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது அநீதி என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் உண்மை இருக்கிறது, சட்டம் அந்தச் சுமையை அவர் தோளில்தான் வைத்திருந்தது. ஆனாலும் எவ்வளவு அபாயம் என்பதை அதைச் சுவாசிப்பவர்களிடம் மறைக்காமல் சொன்ன அவரையே நான் மதிக்கிறேன். அந்த ஆலை 1985இல் மூடப்பட்டது.