அஞ்சு நிமிஷம் ப்ரோ

“ஆன் த வே ப்ரோ, அஞ்சு நிமிஷம்.” இந்த வாக்கியத்தைத் தடை செய்யச் சொல்லி யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? கலெக்டரிடமா, போக்குவரத்துத் துறையிடமா, மாரியாத்தாளிடமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று. இன்றைக்குக் கால் வலிக்கிறது. மலை ஏறின வலி என்றால் பெருமையாகத் தாங்கிக்கொள்வேன். இது பெருங்களத்தூரில் நின்ற வலி.

சென்னைக்காரர்களான நமக்கு, ஏறுவதற்கு மலை என்று ஊருக்குள் இருப்பதே என்ன? பரங்கிமலை, 300 அடி. திருநீர்மலை, மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். கொஞ்சம் தள்ளி திருக்கழுக்குன்றம், 565 படி. வேதகிரீஸ்வரரைக் கும்பிட்டு இறங்கினால் காலை டிபனுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். பெங்களூர்க்காரர்களுக்கு நந்தி மலை, ஸ்கந்தகிரி, சாவனதுர்கா என்று திசைக்கொன்று கொடுத்து வைத்திருக்கிறான் ஆண்டவன். நாம் ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம், தடா என்று அலைய வேண்டும். இல்லையென்றால், திண்டிவனத்தில் மனை போட்டு “சென்னைக்கு மிக அருகில்” என்று விற்பார்களே, அந்தக் கணக்கில் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செஞ்சியைப் பக்கத்து மலை என்று நம்ப வேண்டும். நானும் நம்பினேன். போன வருஷம், 2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை நம்ம செஞ்சி. அப்போதிலிருந்தே போக வேண்டும் என்று அரிப்பு.

நேரம் ஏன் முக்கியம் என்று செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை ஏறினவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயரம் என்னவோ 800 அடிதான். ஆனால் எல்லாம் பாறை, எல்லாம் படி. டிக்கெட் கவுன்ட்டர் திறக்கும்போது வாசலில் நின்றால் பிழைத்தீர்கள். பதினொரு மணிக்கு மேல் பக்கச் சுவரில் கை வைக்க முடியாது. மத்தியானம் தாண்டிவிட்டால் மேலே ஏறவே விடமாட்டார்கள். அதனால்தான் எங்கள் மலையேறும் குரூப்பில் கொட்டை எழுத்தில், மூன்று அலாரப் படத்தோடு போட்டிருந்தார்கள்: “காலை 5 மணி ஷார்ப். பெருங்களத்தூர். வண்டி நிற்காது.”

வண்டி நின்றது.

5.00. பதின்மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். திருவொற்றியூரிலிருந்து ஒரு அக்கா, இரண்டு பிள்ளைகளுக்கும் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சமைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஆவடியிலிருந்து ரிட்டயர்டு சார் ஒருவர், மூன்றரைக்கே ஆட்டோ பிடித்திருக்கிறார். அறுபது தாண்டியவர், தொப்பி, கைத்தடி, ஒரு பையில் எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை எல்லாம் தனித்தனிப் பொட்டலமாக. மேடவாக்கத்திலிருந்து வர வேண்டியவன் மட்டும் இல்லை. ஆவடி எங்கே, மேடவாக்கம் எங்கே! எப்போதும் பக்கத்தில் இருப்பவன்தான் லேட்டாக வருவான். இது எந்த ஊர் நியாயம்?

5.10. “அஞ்சு நிமிஷம் ப்ரோ.” சரி, அஞ்சு நிமிஷம்.

5.25. “அஞ்சே நிமிஷம் ப்ரோ.” ஏகாரம் சேர்ந்திருக்கிறது. முன்னேற்றம்.

5.35. லைவ் லொகேஷன் கேட்டோம். அனுப்பினான். மேடவாக்கத்தில் ஒரு நீலப் புள்ளி. பதின்மூன்று பேரும் ஒரே போனில் தலையை விட்டுப் பார்க்கிறோம். புள்ளி அசையவில்லை. “நெட் ஸ்லோ ப்ரோ. நான் கேம்ப் ரோடு சிக்னல்ல நிக்கிறேன்” என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாவின் குரலும் தெளிவாகக் கேட்டது: “டேய், ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டியா?”

கேம்ப் ரோடு சிக்னலில் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். மாநகராட்சி நமக்குச் சொல்லவே இல்லை.

அதற்கப்புறமாவது கிளம்பியிருக்கலாம் இல்லையா? நான் சொன்னேன். டிரைவர் அண்ணன் சொன்னார். ஏற்பாடு செய்த நண்பர் மட்டும் புத்தர் முகத்தோடு, “ஒருத்தரை விட்டுட்டுப் போறது நல்லாருக்காது” என்றார். பதின்மூன்று பேரை ரோட்டோரம் நிறுத்தி வைப்பது ரொம்ப நல்லாயிருக்கிறதாக்கும்! இந்த ஊரில் நேரத்துக்கு வருகிறவனுக்குக் கிடைப்பது தண்டனை. லேட்டாக வருகிறவனுக்குக் கிடைப்பது கருணை. அவனை ஒரே ஒரு தடவை விட்டுவிட்டுப் போயிருந்தால் ஜென்மத்துக்கும் திருந்தியிருப்பான். யாரும் விடவில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாணம், ரயில் என்று எல்லா இடத்திலும் இவனுக்காக யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பெருங்களத்தூரில் நாங்கள் நின்றோம்.

பொழுது போக வேண்டுமே என்று ரிட்டயர்டு சார் டீக்கடை வாசலிலேயே செஞ்சி வரலாற்றை ஆரம்பித்தார். 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். ஒரு போன், “வந்துட்டே இருக்கேன்.” 1690இல் ஜுல்பிகர் கானின் முகலாயப் படை வந்து வளைத்துக்கொண்டது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கான் எட்டு வருஷம் கீழே காத்துக் கிடந்து, 1698இல் ஒருவழியாகக் கோட்டைக்குள் போனால் ராஜாராம் ஏற்கெனவே தப்பிப் போயிருந்தாராம். எனக்கு ஜுல்பிகர் கான்மேல் திடீரென்று ஒரு பாசம் வந்துவிட்டது. 1714, தேசிங்குராஜன் களத்தில் விழுந்தான். நம்ம ஆள் கேம்ப் ரோட்டைத் தாண்டவில்லை. 1750, பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் கோட்டையைப் பிடித்தார்கள். நம்ம ஆள் தாம்பரம் வரவில்லை. 1761, இங்கிலீஷ்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். சாருக்கு வரலாறு தீர்ந்துவிட்டது. டீக்கடைக்காரருக்குப் பால் தீர்ந்துவிட்டது. கிளாம்பாக்கம் போகிற பஸ் எல்லாம் வெறுப்பேற்றிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

6.40க்கு வந்தான். பைக் டாக்ஸியிலிருந்து இறங்கினான். தலையில் ஜெல், காலில் வார் வைத்த செருப்பு, கையில் தண்ணீர் பாட்டில்கூடக் கிடையாது. சாரியாவது சொல்வான் என்று பார்த்தேன். எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “என்ன ப்ரோ, ரொம்ப நேரமா வெயிட் பண்றீங்களா?”

இல்லை தம்பி, பெருங்களத்தூரைச் சுற்றிப் பார்க்க வந்தோம்.

ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தான். ஊரப்பாக்கம் தாண்டவில்லை, “ஏடிஎம் இருந்தா நிறுத்துங்க ப்ரோ” என்றான். நிறுத்தினோம். ஏடிஎம்மில் பணம் இல்லை. அடுத்த ஏடிஎம்மிலும் நிறுத்தினோம். அதற்குள் ஜிஎஸ்டி ரோடு முழித்துக்கொண்டது. கூடுவாஞ்சேரியில் நின்று, மறைமலை நகரில் ஊர்ந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் மறுபடியும் நின்று, டோல்கேட்டில் குடும்பம் நடத்தி, திண்டிவனத்தில் டிபனுக்கு இறங்கியபோது ஒன்பதரை. நாங்கள் எல்லோரும் இட்லியை முழுங்கிவிட்டு எழுந்துவிட்டோம். அவன் நெய் ரோஸ்ட்டுக்குக் காத்திருந்தான். “அஞ்சு நிமிஷத்துல வந்துரும்னாங்க ப்ரோ.” அந்த சர்வருக்கும் இவனுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும்.

செஞ்சி, பதினொன்று. டிக்கெட் வரிசை வெயிலில் நிற்கிறது. கல்யாண மகாலை ஓடிக்கொண்டே பார்த்தோம். ராஜகிரிப் படியில் கால் வைத்ததும் பாறை எங்களை விசாரித்தது. ரிட்டயர்டு சார் நூறு படிகூட ஏறியிருக்க மாட்டார், ஒரு மரத்தடி நிழலில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க போங்கப்பா, எனக்குத் தலை சுத்துது. ரங்கநாதரை என் சார்பா பார்த்துட்டு வாங்க” என்றார். எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்திருந்தால் அந்த மனுஷன் எங்கள் எல்லோருக்கும் முன்னால் மேலே போயிருப்பார். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பிப் பார்த்தால், நம்ம ஹீரோ அவருடைய எலுமிச்சை ஜூஸைக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கு நேரத்துக்கு வந்தது குரங்கு மட்டும்தான். கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்தில் அவன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான். சத்தம் கேட்டு முடிவதற்குள் ஒரு தாட்டியான ஆண் குரங்கு மதிலிலிருந்து இறங்கி, அவசரமே இல்லாமல் அவன் மடியில் ஒரு கை ஊன்றி, மறு கையால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டது. பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டது. அப்புறம் அவன் பையின் ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்து, உள்ளேயிருந்த சீப்பை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே எறிந்தது. அந்த நாளில் நான் மனசாரக் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

உச்சிக்குப் போனது நான்கு பேர். பிளவைத் தாண்டும் அந்தச் சின்னப் பாலம், ரங்கநாதர் கோயில், எதிரே கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணில் வேர்வை இறங்கியதால் பாதிதான் தெரிந்தது. மத்தியானம் கிருஷ்ணகிரியும் ஏறுவதாகப் பிளான். அது எதிர்த்த மலையில் நிம்மதியாக இருந்துவிட்டது.

ராத்திரி கணக்கு வந்தது. டீசல், டோல், டிரைவர் படி. கூடவே ஒரு வரி: “வெயிட்டிங் சார்ஜ் – 14 பேருக்கும் சமமாக.” சமமாக! திருவொற்றியூர் அக்காவுக்கும் சமம், மரத்தடியில் உட்கார்ந்திருந்த சாருக்கும் சமம். நான் டைப் அடித்து, அழித்து, டைப் அடித்து, அழித்து, கடைசியில் ஜிபே பண்ணிவிட்டேன். அவன் பண்ணினானா? “சர்வர் டவுன் ப்ரோ, அஞ்சு நிமிஷம்.” கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்கு மேல் ஒரு படி ஏறாதவன் ராஜகிரி உச்சிப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். நான் எடுத்த படம்.

இன்றைக்குக் காலையில் அடுத்த அறிவிப்பு. பர்வதமலை. “இரவு 10 மணி ஷார்ப். வண்டி நிற்காது.” முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா? அறிவிப்பு வந்த அதே நொடியில் போட்டிருந்தான். வாழ்க்கையில் அவன் நேரத்துக்குச் செய்த ஒரே காரியம். ஆபீஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். சொல்லத் தெம்பில்லை.

சரி, அதை விடுங்கள். இந்த ஹைவே ஓட்டல்காரர்களை யாராவது கேட்க மாட்டீர்களா? மெனுவில் “சின்ன வெங்காய ஊத்தப்பம்” என்று போட்டு முப்பது ரூபாய் கூட வாங்குகிறீர்கள். தட்டில் வந்தது பெரிய வெங்காயம், பொடியாக நறுக்கியது. கேட்டால், “சின்னதாத்தான் சார் நறுக்கியிருக்கு” என்கிறான்!