டிரை நீட்லிங்: வீட்டில் குத்திக்கொள்ளும் வைத்தியம் அல்ல

"டிரை நீட்லிங் ஒரே தடவை செய்தால் தீராத தசைவலி நிரந்தரமாகப் போய்விடும், பக்கவிளைவே கிடையாது, ஊசி வாங்கி வீட்டிலேயே குத்திக்கொள்ளலாம்" என்று நம் சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தோள்வலியால் அவதிப்படும் என் அத்தையும் நம்பி அனுப்பியிருந்தார்.

அது தவறு. தசையில் முடிச்சுபோல் இறுகி வலிக்கும் இடத்தில் மருந்தில்லாத மெல்லிய ஊசியைச் செலுத்துவதுதான் இந்த முறை. சரியான இடத்தில் பட்டால் தசை வெடுக்கென்று ஒரு துடிப்பு துடிக்கும். சிலருக்கு வலி குறையும். ஆனால் ஆய்வுகளில் தெரியும் பலன் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான். அதனால்தான் உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்கிறார்கள்.

ஓரிரு நாள் வலி, ரத்தக்கட்டு சகஜம். என்னைப் பயமுறுத்துவது வேறு: மேல்முதுகிலோ தோளிலோ ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலில் துளை விழலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சரி, யாரிடம் போவது? பிசியோதெரபிஸ்ட் பதிவு பெற்றவரா என்று அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். இதில் தனிப் பயிற்சி உண்டா என்றும் நேரில் கேளுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.